ரவுட்டர் இரண்டையும் காற்றிலேயே இணைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கவனம்

வைஃபை வேலையில் எங்களை ஏமாற்றிய ஒரு கடை ஆளைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தில் இருந்து என்னிடம் முன்பு படித்த பிள்ளை ஒருத்தி ஃபோன் எடுத்து, "டீச்சர், அதே ஆள் எங்க வீட்டுக்கும் வந்து பார்த்துட்டு, முற்பணம் கேட்டுட்டுப் போயிருக்கார்" என்றாள். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், டிக்கோயா பக்கம். அம்மாவும் அண்ணன் குடும்பமும் மேட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். நாங்கள் இருப்பது பள்ளத்தில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டில். இரண்டுக்கும் நடுவே 70 மீட்டர் இருக்கும். தேயிலை, ஒரு கான், நாலைந்து டர்பன்டைன் மரம், அவ்வளவுதான். மேட்டு லயத்துக்கு டவர் நேராகத் தெரியும், அதனால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் அங்கே நன்றாக ஓடுகிறது. எங்கள் வீட்டுக்கு மலை மறைப்பு. முற்றத்து ஓரத்தில் நின்றால் ஃபோனில் ஒரு கோடு வரும், வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் அதுவும் போய்விடும்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்பு இரவு ஏழரைக்கு. ஒன்றரை வருடம் டார்ச் அடித்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறிப் போய், வகுப்பு முடிந்து அண்ணன் கொண்டுவந்து விடுவார். அட்டையும் மழையும் பழகிவிட்டது. ஆனால் கீழ்மலையில் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு வந்தபிறகு எனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லை. மேலே இருக்கும் இணையத்தை எப்படியாவது கீழே கொண்டுவர வேண்டும் என்று ஹட்டன் டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

அந்த ஆள் நல்ல பேச்சுக்காரர். "பயப்படாதீங்க அக்கா, இன்னொரு ரவுட்டர் வச்சா போதும். ரெண்டையும் காத்துலயே கட்டிருவேன். ஸ்பீட் ஒரு துளி குறையாது" என்றார். ரவுட்டருக்கு 14,500 ரூபாய். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானி வந்ததே, அந்தக் கணக்கில் அது பதினொரு நாள் கொழுந்து பறிக்கும் கூலி. பணத்தில் பாதி அண்ணியின் சீட்டுக்காசு. அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அவர் கொண்டுவந்தது புதுப் பெட்டி மாதிரிதான் இருந்தது. எங்கள் வீட்டு அலமாரி மேல் வைத்து, லேப்டாப்பில் ஏதேதோ தட்டி, மேட்டு லயத்து வைஃபையின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் அதில் போட்டார். என் ஃபோனில் வைஃபை கோடு நிறைந்துவிட்டது. அப்புறம் தன் ஃபோனோடு முற்றத்து ஓரத்துக்குப் போய் ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். பாருங்க அக்கா, ஃபுல் சிக்னல். நானும் மகளும் கை தட்டாத குறை. காசு கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

அன்று இரவு வகுப்பு திறக்கவே இல்லை. கோடு மட்டும் நிறைய நிறைய நின்றது.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஃபோனில் தெரியும் வைஃபை கோடு, ஃபோனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சிக்னலைத்தான் காட்டும். அந்தப் பெட்டிக்கு மேலே உள்ள ரவுட்டரோடு தொடர்பு இருக்கிறதா என்று அது சொல்லாது. அன்று இரண்டுக்கும் தொடர்பே இருக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வைஃபை இருந்தன, கீழே இருந்ததில் இணையம் இல்லை. வைஃபையில் இணையம் இல்லை என்றால் பல ஃபோன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அவர் முற்றத்து ஓரத்துக்குப் போனது அந்த ஒரு கோட்டுக்காக. வீடியோ ஓடியது அவருடைய சொந்த டேட்டாவில்.

மறுநாள் அவருக்கு ஃபோன் எடுத்தேன். "மிஸ்ட் இறங்கியிருக்கும் அக்கா, வெயில் வந்ததும் சரியாகிரும்" என்றார். நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், எங்கள் லயத்தில் எல்லோரும் பார்த்த விஷயம்தான், பெருமழை வந்தால் டிஷ் டிவி படம் நின்றுவிடும். அதே மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டிஷ்ஷுக்கு வரும் சிக்னல் 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், 36,000 கிலோமீட்டர் தூரத்துச் செய்மதியில் இருந்து மிக மெலிதாக வருவது. மழைத்துளி அதைத் தின்றுவிடும். வைஃபை ஓடுவது 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில். 70 மீட்டர் தூரத்துக்கு மழையும் பனிமூட்டமும் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. குறுக்கே நிற்கும் மரமும் நனைந்த இலையும், தகரக் கூரையும், கருங்கல் சுவரும்தான் தடுக்கும். மலைநாட்டில் "மிஸ்ட்" என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து நாள் அலைக்கழித்தபின் திரும்ப வந்தார். இந்தமுறை வந்துபோன கூலி என்று 4,000. முதலில் ஒரு யோசனை சொன்னார், கூரைக்குக் கூரை கேபிள் இழுத்துவிடலாம் என்று. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். சித்திரை மாதத்தில் இங்கே விழும் இடி மின்னலை அவர் அறுபது வருடமாகப் பார்க்கிறார். வெளியே இழுத்த செம்புக் கம்பி வழியாக மின்னல் இரண்டு வீட்டுக்குள்ளும் வரும். அந்த ஒரு விஷயத்தில் அம்மா எங்களைக் காப்பாற்றினார்.

சரி என்று அவர் மேட்டு லயத்து ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றி, கீழே இருந்ததை எதிர் ஜன்னலுக்கு மாற்றி, டபிள்யூ.டி.எஸ். என்று ஒன்றைப் போட்டார். இரண்டு ரவுட்டரிலும் ஒன்றின் மேக் முகவரியை, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணை, மற்றதில் எழுதி, ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், வைத்து, கம்பியில்லாமல் பேசவிடும் முறை அது. நல்ல முறைதான், வேலையும் செய்யும். ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஒழுங்கு கிடையாது. ஒரு பிராண்டின் ரவுட்டர் இன்னொரு பிராண்டோடு சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எங்களுடையது இரண்டு வேறு பிராண்ட், வேறு காலத்துப் பெட்டி. சேரவில்லை. சேர வைப்பதற்காக அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டிலும் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இணைப்பு வந்தது. மெதுவாகத்தான். ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தரவும் காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் பாதியாவது தவிர்க்க முடியாதது. "ஒரு துளி குறையாது" என்றதே பொய். அதையும் பொறுத்துக்கொண்டோம், பிள்ளை வீட்டில் இருந்து படிக்கிறாளே என்று. ஒன்பதாம் நாள் மாத டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது. பூட்டு இல்லாத வைஃபை, லயத்தில் பத்துக் குடும்பம். பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், திறந்து கிடந்ததில் இணைந்தார்கள். ஆனால் அண்ணன் தன் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டு ஏசிவிட்டார், வீட்டுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு ஒரு இரவு கரண்ட் போய் வந்தது, அதோடு இணைப்பும் போனது. மேல் ரவுட்டரின் சேனலை 'ஆட்டோ'வில் விட்டிருக்கிறார். திரும்பப் பற்றும்போது அது வேறு சேனலுக்குப் போய்விட்டது, கீழே உள்ளது பழைய சேனலிலேயே காத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆள் அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. கடைக்குப் போனால் "அவர் இப்ப இங்க வேலை இல்ல" என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே கடைக்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரை நானே கண்டேன்.

விஷயத்தை அவிழ்த்தது கொழும்பில் வேலை செய்யும் என் சித்தி மகன். லீவுக்கு வந்தவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பழைய ஏ.டி.எஸ்.எல். ரவுட்டர்" என்றான். டெலிபோன் வயர் வழியாக இணையம் எடுக்கிற வகை. பின்பக்கம் கேபிள் குத்தும் பெரிய துளைகளோடு, டெலிபோன் வயர் குத்தும் ஒரு சின்னத் துளையும் இருந்தது. ஃபைபர் வந்த வீடுகளில் கழற்றி வீசுகிற பெட்டி. துடைத்து, ஸ்டிக்கரை உரித்து, புது அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து காசு கொடுக்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சின்னத் துளை இருந்து, அடியில் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அவன் காட்டித் தந்த ஒரு சோதனை இருக்கிறது. ஆள் வீட்டில் இருக்கும்போதே, உங்கள் சொந்த ஃபோனில் செய்யுங்கள். ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, புதுப் பெட்டி இருக்கும் அறைக்குள் நின்று ஏதாவது ஓடவிடுங்கள். ஓடினால், மற்ற வீட்டில் உள்ள பழைய ரவுட்டரின் முகவரியை ஃபோன் பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், அந்த ரவுட்டரின் அடியிலேயே ஒட்டியிருக்கும். பழைய ரவுட்டரின் பக்கம் திறந்தால் தொடர்பு உண்மை. திறப்பது புதுப் பெட்டியின் பக்கமா என்று பிராண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிலர் இரண்டுக்கும் ஒரே முகவரியை விட்டுவிடுகிறார்கள், அதுவே பெரிய குழப்பம். இரண்டாவதன் முகவரியை மாற்றி, அதில் டி.எச்.சி.பி.யை, அதாவது ஃபோன்களுக்கு முகவரி பங்கிடும் வேலையை, நிறுத்தியாக வேண்டும். அந்த வேலையை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். கடைசியாக மேல் ரவுட்டரை நிறுத்திப் போட்டுப் பாருங்கள், இணைப்பு தானாகத் திரும்பி வருகிறதா என்று. எங்களைப் போல் அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் இதைச் செய்யாமல் ஆளை அனுப்பவே கூடாது. பாஸ்வேர்ட் கேட்காமல் வைஃபை இணைந்தால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். "டபிள்யூ.ஈ.பி. பூட்டுப் போட்டுத் தருகிறேன்" என்றாலும் வேண்டாம், அது பழைய வகை வைஃபைப் பூட்டு, அதை 2001இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

இப்போது எங்களிடம் ஓடுவது வேறு ஏற்பாடு. இரண்டு இடங்களைக் காற்றில் இணைக்கவென்றே செய்த, வெளியே மாட்டும் சின்ன வயர்லெஸ் பிரிட்ஜ் இரண்டு, ஒன்று மேட்டு லயத்து இஸ்தோப்புத் தூணில், மற்றது எங்கள் கூரை ஓரத்தில், மரங்களுக்கு நடுவே ஒன்றையொன்று பார்த்தபடி. வாங்கும்போதே சோடியாக, ஒரே பிராண்டாக, ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கினோம். இது இரண்டு வீட்டுக்கும் நடுவே மட்டும் பேசுவதால் வேகம் பாதியாக விழவில்லை. மழையிலும் பனிமூட்டத்திலும் இதுவரை நிற்கவில்லை. இடி முழங்கினால் மட்டும் பிளக்கைக் கழற்றுகிறோம். நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பழைய ஏ.டி.எஸ்.எல். பெட்டியும் இப்போது பயன்படுகிறது. சித்தி மகன் அதில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, பிரிட்ஜில் இருந்து வரும் கேபிளை அதில் குத்தி, வீட்டுக்குள் வைஃபை கொடுக்க வைத்திருக்கிறான். உள்ளதை உள்ளபடி சொல்லி, அதற்குரிய சின்ன விலைக்குக் கொடுத்திருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

பற்றுச்சீட்டு விஷயம். எனக்குத் தந்தது கொப்பியில் கிழித்த தாளில் "ரவுட்டர் 1 – 14,500" என்று எழுதியது. முத்திரை இல்லை, பிராண்ட் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். நான் கேட்கவில்லை, தெரிந்தவர் மாதிரிப் பேசினார் என்று விட்டுவிட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் எண்பத்தோராம் நாள் கொடுத்தேன். அந்தத் துண்டுத் தாள், பெட்டியின் நாலு பக்கப் படங்கள், அவர் "மிஸ்ட்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு, எல்லாம் சேர்த்து.

டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் இதே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள் இருந்தால் அதை வீசிவிடாதீர்கள். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து, வாங்கிய திகதியோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்த புதன் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு முன் கிடைத்தால் உங்களுடையதையும் சேர்த்துக் கொண்டுபோவேன்.