மச்சினன் கால், சித்தப்பா கால்: ஒரே ஸ்விஃப்டுக்கு இரண்டு மைலேஜ்

என்னிடம் இருப்பது 2018 பெட்ரோல் ஸ்விஃப்ட். 1.2 லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் அஞ்சு கியர், 37 லிட்டர் டேங்க். இதற்குச் சான்றிதழில் போட்டிருக்கும் மைலேஜ் 22. அந்த 22 பொய் இல்லை, ஆனால் அது மதுரையில் ஓடி வாங்கின மார்க்கும் இல்லை. ஆய்வகத்துக்குள் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏறக்குறைய 20 நிமிடம், 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓட்டி எடுத்த கணக்கு. 90-க்கு மேல் வேகம் போகாது. ஏசி கிடையாது. குறுக்கே மாடும் வராது, ஷேர் ஆட்டோவும் வராது.

சரி, நம்ம ஊரில் எவ்வளவு? வீட்டில் இந்த வண்டியை ஓட்ட இரண்டு பேர் போட்டி போடுவார்கள். ஒருவன் என் மச்சினன். பிக்கப்தான் அவனுக்கு உயிர். இன்னொருவர் சித்தப்பா. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் கே.எம்.பி.எல். கணக்கு கேட்பார்கள் என்று முப்பது வருசம் காலை அடக்கியே பழகினவர். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று டிரைவர் வாரியாகப் பார்ப்பார்களாம். அந்தக் கால் காரிலும் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு பேரையும் ஆளுக்கு 300 கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே ஓட்ட விட்டேன். அதே பங்க், அதே பம்பு, முதல் தடவை ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிடுவது. டயர் காற்று இருவருக்கும் ஒரே அளவு. டாஷ்போர்டில் தெரியும் மைலேஜை நான் நம்புவதில்லை. என் வண்டியில் அது எப்போதும் ஒன்று கூட்டித்தான் காட்டும். ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் கணக்கில் மச்சினனுக்கு வந்தது 13.4. சித்தப்பாவுக்கு 16.9. அதாவது 300 கிலோமீட்டருக்குள் நாலரை லிட்டருக்கு மேல் வித்தியாசம். முரட்டுத்தனமாக ஓட்டினால் நின்று நின்று போகும் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் அடிபடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வதுண்டு. மச்சினன் அதற்குள் வசதியாகவே உட்கார்ந்திருக்கிறான்.

இந்த நாலரை லிட்டர் எங்கே போனது என்று பார்க்க ஒரு நாள் பக்கத்து சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வில்லாபுரத்திலிருந்து தெப்பக்குளம், குருவிக்காரன் சாலைப் பாலம், அண்ணா நகர் வழியாக மாட்டுத்தாவணி. இருவரும் காலை பத்து மணி நெரிசலில், அடுத்தடுத்த நாளில். நான் எண்ணியது ஒன்றே ஒன்றுதான்: பிரேக்கை அழுத்தி வண்டியை ஏறக்குறைய நிறுத்தியது எத்தனை தடவை. மச்சினன் 29. சித்தப்பா 18.

இந்த 11 தடவைக்கு என்ன விலை? ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1,000 கிலோ என்று வையுங்கள். 45 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் ஓட்டத்தின் ஆற்றல் சுமார் 78 கிலோ ஜூல். பிரேக்கில் கால் வைத்தால் அத்தனையும் டிஸ்க்கைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் போய்விடும். திரும்ப அதே வேகத்துக்கு வர அதே அளவு ஆற்றலைப் பெட்ரோலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 32 மெகா ஜூல் சொச்சம். அதில் நாலில் ஒரு பங்குதான் சக்கரம் வரை வந்து சேரும் என்று கணக்குப் போட்டால், ஒரு தடவை நிற்பதற்கு 10 மில்லி. இருமல் மருந்து பாட்டில் மூடியில் ஒரு மூடி. 60-ல் வந்து நின்றால் ஒன்றே முக்கால் மூடி, அதாவது 17 மில்லி. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, மூடியோ முக்கால் பங்கு கூடிவிட்டது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததை மாட்டுத்தாவணி ரோட்டில்தான் நேரில் பார்த்தேன்.

11 தடவைக்கு 110 மில்லி. அந்த ஒன்பது கிலோமீட்டர் நடைக்கு இருவருக்கும் மொத்த வித்தியாசமே 140 மில்லிக்குப் பக்கம்தான். மீதி 30 மில்லி மட்டும்தான் கியரை இழுத்துப் பிடித்து உறுமவிடும் கணக்கு. மச்சினனைத் திட்டுகிறவர்கள் எல்லாம் "ஆக்ஸிலேட்டரை அமுக்காதே" என்றுதான் திட்டுகிறார்கள். காசு போகிற ஓட்டை அதற்குப் பக்கத்து பெடலில் இருக்கிறது.

சித்தப்பா எப்படி 18-லேயே முடித்தார் என்பதுதான் வேடிக்கை. மெதுவாகப் போகிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். முன்னால் போகும் ஷேர் ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வருவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மா குனிந்து கட்டைப்பையைத் தூக்கினால் இவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். ஆட்டோ ஓரம் கட்டுவதற்கு இன்னும் அம்பது அடி இருக்கும். ஆட்டோக்காரருக்கே அந்த அம்மா இன்னும் சொல்லியிருக்க மாட்டார். "கைகாட்டுவான்னு பார்த்துக்கிட்டு இருந்தா நம்ம பிரேக் கட்டைதாண்டா தேயும்" என்பார். சிக்னலிலும் அப்படித்தான். தூரத்தில் சிவப்பு விழுந்திருந்தால் இங்கேயே காலை எடுத்து, கியரிலேயே உருட்டிக்கொண்டு போவார். பாதி நாள் அவர் போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும், வண்டி நிற்காமலே தாண்டிவிடும். மச்சினன் அதே சிவப்பை நோக்கி விரட்டிப் போய் முதல் ஆளாக நிற்பான். மாட்டுத்தாவணி வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மூன்று நிமிட வித்தியாசம்.

இது சரிதானா என்று பார்க்க நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஏற்றினேன். 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தது. நடுவில் சிக்னல் இல்லை, நிற்க வேண்டிய வேலையே இல்லை. அறுபதிலேயே போகணும் என்று மச்சினனிடம் கண்டிஷன் போட்டுவிட்டேன். அங்கே இருவருக்கும் டாஷ்போர்டு எண் ஏறக்குறைய ஒன்றுதான். அது கூட்டிக் காட்டினாலும் இருவருக்கும் சேர்த்துத்தானே கூட்டும்.

கியர் விஷயத்தில் இருவருக்குமே நான் பாஸ் மார்க் போட மாட்டேன். மச்சினன் இரண்டாவது கியரிலேயே 4,000 சுற்று வரை இழுப்பான். சித்தப்பா நேர்மாறு. முப்பத்தைந்திலேயே டாப் கியரைப் போட்டுவிடுவார். வண்டி திணறும், கியர் லிவர் கையில் நடுங்கும், அவருக்கு அது பஸ் மாதிரி நிம்மதி. பெரிய டீசல் எஞ்சினுக்கு அடிச்சுற்றிலேயே இழுவை உண்டு. 1.2 லிட்டர் பெட்ரோலுக்கு அது கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. பூனை மாதிரி மெல்ல மெல்ல வேகம் எடுத்தால் மிச்சமாகும் என்பதும் தப்பு. ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் அழுத்தினால் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போகும் வழி பாதி மூடியே இருக்கும், அதில் மூச்சு இழுப்பதே ஒரு வேலை. ஓரளவு நன்றாக அழுத்தி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் அடுத்த கியருக்குப் போய், சீக்கிரம் நாலாவதிலோ அஞ்சாவதிலோ செட்டிலாவதுதான் அதற்குப் பிடித்த வழி.

அப்புறம் நாலு வழிச்சாலை. மதுரையிலிருந்து திருச்சி 135 கிலோமீட்டர். இங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்தத் தடை மட்டும் 56 சதவீதம் கூடும். என் நோட்டில் 80-ல் போனபோது 21.5, 100-ல் போனபோது 17.8. திருச்சிக்கு ஒரு நடைக்கு 1.3 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 130 ரூபாய் கொடுத்து 20 நிமிடம் வாங்குகிறோம். அவசரம் என்றால் அது மலிவுதான், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மச்சினன் அந்த 20 நிமிடத்தைத் துவரங்குறிச்சியில் டீக்கடையில் உட்கார்ந்து செலவழிப்பான்.

45-லிருந்து 55-க்குள் ஓட்டினால்தான் மைலேஜ் என்ற பழைய அறிவுரையை சித்தப்பா வேதமாகப் பிடித்திருக்கிறார். எண் கணக்கில் அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் லாரியே 70-ல் வரும் ரோட்டில் 50-ல் உருட்டினால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே திட்டுவான். எனக்கு 80 போதும். ஒரு எச்சரிக்கை: ஆடி மாதம் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய்ப் பக்கம் போய்விட்டு மைலேஜ் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. எதிர்க்காற்றில் 80 என்பது எஞ்சினுக்கு 100 மாதிரி. மைலேஜ் டெஸ்ட் செய்கிறவர்கள் போக வர இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு எடுக்க வேண்டும்.

இதுவரை சித்தப்பா பக்கம்தான் பேசியிருக்கிறேன். கொடைக்கானலில் இருந்து இறங்கியபோதுதான் அவரிடமிருந்து சாவியை வாங்கினேன்.

டம் டம் பாறைக்கு மேலேயே நியூட்ரலில் தட்டிவிட்டார். "இறக்கத்துல எதுக்குடா எண்ணெய்?" கார்புரேட்டர் காலத்தில் இதில் ஓரளவு நியாயம் உண்டு. கியரில் இறங்கினாலும் எஞ்சின் சுற்றுகிற சுற்றுக்குப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டர் வண்டி அப்படி இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், பெட்ரோல் சொட்டுகூட இறங்காது. சுற்று ஐடிலிங்குக்குப் பக்கம் விழும்போதுதான் திரும்பத் திறக்கும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் நிற்க அதற்குத் தீனி போட்டாக வேண்டும். மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், ஏசியும் ஓடினால் இன்னும் கூட. மலையிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கிச் சேர ஒன்றரை மணி நேரம் என்றால் மிச்சம் பிடிக்கப் போய் முக்கால், ஒரு லிட்டர் செலவு.

பெட்ரோல் போனால் போகிறது, பிரேக்கைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தில் 1,000 கிலோ வண்டிக்குள் இருக்கும் ஆற்றலில் பாதியை டயர் உரசலும் காற்றும் தின்றுவிட்டால்கூட, மீதி, 60-ல் வந்து சட்டென நிற்பதை 60 தடவைக்கு மேல் செய்வதற்குச் சமம். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்கின் தலையில். மூன்றாவது கொண்டை ஊசியில் எனக்கு அந்தக் கருகின வாசனை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி மூக்கை மூடிக்கொண்டு, "எங்கிட்டோ குப்பை கொளுத்துறாய்ங்க போல" என்றார். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் பூஸ்டரில் இருக்கும் வாக்குவம் அவர்களுக்கு இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய பஸ் டிரைவர்களே சொல்வார்கள். சித்தப்பாவும் பஸ்ஸில் அப்படித்தான் இறங்கியிருப்பார். கார் என்றதும் ஏனோ மறந்துவிட்டார்.

சமதரையில் கொஞ்சம் விவாதத்துக்கு இடமுண்டு. நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருளும், கியரில் எஞ்சின் பிடித்து இழுக்கும். முன்னால் நிற்கத்தான் போகிறோம் என்றால் கியர் நல்லது. நிற்காமல் போகலாம் என்றால் லேசாக ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தே போங்கள். நியூட்ரலில் மிச்சமாகும் அந்தச் சொட்டுக்காக, திடீரென்று பிக்கப் தேவைப்படும்போது கியரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டிக்கியில் அரிசி மூட்டை, டயரில் காற்று, ஏசியா ஜன்னலா என்பதெல்லாம் சில்லறை. காற்று ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் போகும் என்பார்கள். பத்து குறைந்தால்தான் 2 சதவீதம். டயருக்காகவாவது பார்த்துக்கொள்ளுங்கள். டவுன் வேகத்தில் ஜன்னலைத் திறந்து போட்டால் மிச்சம்தான், ஆனால் கத்தரி வெயிலில் அதை உங்களிடம் சொல்ல எனக்கு மனசு இல்லை. எண்பதுக்கு மேல் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். நீளமான சிக்னலில் எஞ்சினை அணைப்பது உண்டா என்றால், அரை நிமிடத்துக்கு மேல் நிற்கத்தான் வேண்டும் என்று எண்ணில் தெரிந்தால் அணைக்கலாம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் டவுனுக்குள் ஓடினால் மச்சினன் காலுக்கும் சித்தப்பா காலுக்கும் 15 லிட்டர், ஏறக்குறைய 1,500 ரூபாய். இந்தக் கணக்கை மச்சினனிடம் காட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாய்ங்க மாமா, அதான் மைலேஜ் வரலை" என்றான். அதிலும் ஒரு உண்மை இருக்கிறது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிட ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். 2022-லேயே 10 சதவீதம் கலப்பு வந்துவிட்டதால், அதற்கு மேல் புதிதாகக் குறைந்தது 3, 4 சதவீதம். அதையும் சொன்னேன். சித்தப்பா ஓட்டின 300 கிலோமீட்டருக்கும் அதே பம்பில்தானே போட்டோம் என்றேன். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மாடிக்குப் போய்விட்டான்.