ட்யூனரைத் திருப்பும்போது எந்த மீட்டரைப் பார்ப்பது?

ஹாம் ரேடியோவில் ரிக்கையும் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) ஆன்டெனாவையும் பொருத்திவைக்கும் பெட்டிதான் ட்யூனர். அதை வாங்கப் போகிறவர்கள் உள்ளே இருக்கும் காயிலையும் கெபாசிட்டரையும்தான் ஒப்பிடுகிறார்கள். முகப்பில் உள்ள மீட்டர் சும்மா கூட வருவது என்ற நினைப்பு. கை குமிழில் இருக்கையில் கண் இருப்பது அந்த மீட்டரில்தான், அதனால் நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒற்றை முள் மீட்டர் மலிவு. ஃபார்வர்டு (ஆன்டெனா நோக்கிப் போகும் பவர்) நிலையில் வைத்து, கேலிபரேஷன் குமிழைத் திருப்பி முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ரிஃப்ளெக்டட் (திரும்பி வரும் பவர்) பக்கம் மாற்றினால் எஸ்டபிள்யூஆர் தெரியும். பொருத்தம் எவ்வளவு மோசம் என்று சொல்லும் எண் அது; 1, அதாவது 1:1 என்றால் முழுப் பொருத்தம். ஒருமுறை அளக்க இது போதும். ட்யூன் செய்யும்போதுதான் காலை வாரிவிடும். குமிழைத் திருப்பத் திருப்ப ரிக் பார்க்கும் லோடு மாறுகிறது. லோடு மோசமானால் இன்றைய ரிக்குகள் தம்மைக் காத்துக்கொள்ளப் பவரைத் தாமே குறைத்துவிடும். நாம் பார்ப்பதோ ரிஃப்ளெக்டட் முள்ளை மட்டும். அது கீழே இறங்கியதும் மேட்ச் ஆகிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் வெளியே போகும் பவரே பாதியாகியிருக்கும். ஒவ்வொரு திருப்பலுக்கும் கேலிபரேஷனை மறுபடி சரிசெய்யப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

குறுக்கு முள் மீட்டரில் இந்த ஏமாற்று இல்லை. ஒரு முள் ஃபார்வர்டு, மற்றது ரிஃப்ளெக்டட், இரண்டும் ஒரே நேரத்தில் ஆடும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓடும் வளைகோடுதான் எஸ்டபிள்யூஆர். 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் 1.5, 11 வாட் திரும்பினால் 2, 25 திரும்பினால் 3. ஃபார்வர்டு ஏற, ரிஃப்ளெக்டட் இறங்க வேண்டும்; இரண்டும் சேர்ந்து இறங்கினால் ரிக் பின்வாங்குகிறது என்று அர்த்தம். குறை என்றால், 300 வாட் அளவுகோலில் 5 வாட் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) விட்டால் இரண்டு முள்ளும் கீழே மூலையில் படுத்துவிடும், அங்கே வளைகோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். 30 வாட் ரேஞ்சு இல்லாத மீட்டரை நான் வாங்க மாட்டேன்.

டிஜிட்டல் திரை 1.13 என்று தசமத்தோடு சொல்லும்போது நம்பத் தோன்றும். ஆனால் எண் தாவித் தாவி மாறுவதைப் பார்த்துக்கொண்டு குமிழின் தாழ்ந்த புள்ளியைப் பிடிப்பது சிரமம். முள்ளின் ஓட்டம் கைக்குச் சீக்கிரம் பழகும். எஸ்எஸ்பி (குரலுக்கேற்பப் பவர் ஏறி இறங்கும் முறை) பேச்சில் மட்டும் நிலைமை தலைகீழ். உச்சத்தில் 100 வாட் தரும் ரிக், சராசரி காட்டும் முள்ளில் 20, 30 வாட் என்றுதான் ஆடும். புதியவர் பயந்துபோய் மைக் கெயினை ஏற்றுவார். ஏறுவது பவர் இல்லை, பக்கத்து அலைவரிசைக்காரரின் எரிச்சல். பிஇபி (உச்சப் பவர்) அளக்க நல்ல டிஜிட்டல் மீட்டர், அல்லது மின்சப்ளை தேவைப்படும் வகை மீட்டர்தான் நம்பத்தக்கது.

ட்யூனருக்கு வருவோம். கையால் திருப்பும் டி வகைப் பெட்டியில் இரண்டு கெபாசிட்டர், நடுவில் ஒரு காயில். முதலில் ரிசீவரில் இரைச்சல் அதிகமாகும் காயில் நிலையைக் கண்டுபிடித்து, பிறகு 5 முதல் 10 வாட் கேரியரில் கெபாசிட்டர்களை மாறி மாறி நகர்த்த வேண்டும். கேரியர் ஓடும்போது காயில் சுவிட்சைத் தொடாதீர்கள், காண்டாக்ட் பொறி பறந்து கருகிவிடும். ஒரே பேண்டில் (அலைவரிசைத் தொகுதி) 1:1 பல இடங்களில் கிடைக்கும். எல்லாம் சமம் இல்லை. கெபாசிட்டன்ஸ் கூடுதலாகவும் காயில் குறைவாகவும் உள்ள இடமே நஷ்டம் குறைந்தது. தவறான இடத்தில் மீட்டர் அழகாகக் காட்டும், பவர் காயிலைச் சூடாக்கும்.

ஆட்டோ ட்யூனர்கள் பெரும்பாலும் எல் வகை, அதாவது ஒரு காயில், ஒரு கெபாசிட்டர் பக்கம். ரிலேக்கள் படபடவென்று தட்டிச் சில நொடியில் முடித்துவிடும். இந்த அமைப்பில் நஷ்டமான மேட்சில் சிக்கும் வாய்ப்பு குறைவு, இதை அதன் தரப்பில் சொல்லியே ஆக வேண்டும். ரிக்குக்குள் இருப்பவை பொதுவாக 3:1 வரைதான் சமாளிக்கும். அடிக்கடி பேண்ட் மாற்றுபவருக்கு ஆட்டோ. ஒரே நீளக்கம்பியை எல்லா பேண்டிலும் ஓட்டுபவருக்குக் கைப்பெட்டியும் குறுக்கு முள்ளும்.

எதை வாங்கினாலும் மீட்டர் ரிக்குக்கும் ட்யூனருக்கும் நடுவில் இருக்கட்டும். ட்யூனருக்கு அப்பால் வைத்தால், அங்கே 3:1 இருக்கும்போது 100 வாட் ரிக்குக்கு அது 133 வாட் ஃபார்வர்டு, 33 ரிஃப்ளெக்டட் என்று காட்டும். பவர் பெருகிவிடவில்லை, கழித்துப் பார்த்தால் அதே 100.

கோஆக்ஸின் (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) நஷ்டமும் மீட்டரை ஏமாற்றும். ஒருவழியில் 3 டெசிபல், அதாவது பாதிப் பவரை விழுங்கும் பழைய கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், ட்யூனருக்கு அது 3:1 போலத்தான் தெரியும். ஆட்டோ ட்யூனர் அதையும் அரை நிமிடத்துக்குள் மேட்ச் செய்து, தயார் என்று விளக்கை எரிய விடும்.