சர்க்கரை மாத்திரைக்கு மக்கள் மருந்தகம்: எது கிடைக்கும், எது ஏன் கிடைக்காது

மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் வீடுகளுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி) தாராளமாகப் பயன்படும். ஆனால் சீட்டில் எழுதிய எல்லாமே அங்கே கிடைத்துவிடாது. அலமாரியில் எது இருக்கலாம் என்பதைக் கடைக்காரரைவிடக் காப்புரிமைச் சட்டம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். முன்னணி 3 பிராண்டுகளின் சராசரி விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் விலை விதி. பல மருந்துகள் அதற்கும் கீழேதான் விற்கின்றன. ஒவ்வொரு பேட்ச் மருந்தும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வர வேண்டும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், டெல்மிசார்டான், அடோர்வாஸ்டாடின் என்று பெரும்பாலான வீடுகளில் ஓடுகிற மருந்துகளுக்கு இந்தக் கடையே போதும்.

இந்த ஐந்தும் ஏன் இவ்வளவு மலிவு? ஐந்துமே 1995க்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவை. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும்தான் உரிமை கொடுத்தது, மருந்துக்குக் கொடுக்கவில்லை. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய யாருக்கும் தடையில்லை. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் வந்தது. 1995க்குப் பின் விண்ணப்பித்தவற்றுக்கு, 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவும் மருந்துக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

சர்க்கரை மருந்தான சிட்டாகிளிப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்க் நிறுவனத்தின் இந்த மருந்தை இந்தியாவில் இன்னொரு நிறுவனம் 2013இல் குறைந்த விலையில் கொண்டுவந்தது. 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. செப்டம்பரில் மக்கள் மருந்தகத்துக்கு வந்தேவிட்டது: 50 மி.கி. 10 மாத்திரை கொண்ட அட்டை 60 ரூபாய், 100 மி.கி. அட்டை 100 ரூபாய், மெட்ஃபார்மின் சேர்ந்த 50/500 அட்டை 65 ரூபாய். அப்போது பிராண்டு அட்டைகளின் விலை 162 முதல் 258 ரூபாய் வரை. எம்பாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் இப்படித்தான். மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய் விற்றது. 2025 மார்ச் 11இல் காப்புரிமை முடிந்ததும் வெளிச்சந்தையிலேயே 10 மி.கி. மாத்திரை 5 ரூபாய் 49 காசுக்கு வந்தது. முடிந்த கையோடு சரக்கு வருவதற்குக் காரணம் சட்டத்தின் 107ஏ பிரிவு: காப்புரிமை இருக்கும்போதே மற்ற நிறுவனங்கள் சோதனை செய்து அனுமதிக்கு விண்ணப்பிக்க அது இடம் கொடுக்கிறது.

இன்னொரு காவல் 3(டி) பிரிவு. பழைய மருந்தின் உப்பையோ படிக வடிவத்தையோ மாற்றினால் மட்டும் போதாது, குணப்படுத்தும் திறன் கூடியதாகக் காட்டினால்தான் புதிய காப்புரிமை. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு நோவார்டிஸ் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆகவே புது மருந்தைக் கேட்டு "இல்லை" என்ற பதில் வந்தால், அடுத்த தெருக் கிளைக்கு அலைய வேண்டாம். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களுக்கும் இதே சட்டம்தான். கவனிக்க வேண்டிய இடம் வர்த்தக ஒப்பந்தங்கள். தரவுப் பிரத்யேக உரிமை என்று ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தொடங்கிய பேச்சிலிருந்தே கேட்டது. அது வந்தால், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குக் காப்புரிமை இல்லாத மருந்துக்கும் முதல் நிறுவனத்தின் சோதனை முடிவுகளை வைத்து மற்றவருக்கு அனுமதி தர முடியாது. அதனால் சில மருந்துகள் மலிவாகக் கடைக்கு வருவது தள்ளிப்போகலாம். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்யத் தன்னார்வ உரிமமே (காப்புரிமை நிறுவனம் தானே விரும்பி மற்றவருக்குத் தரும் உரிமம்) விரும்பத்தக்க வழி என்கிறது. நிறுவனம் சம்மதிக்காவிட்டாலும் அரசு மற்றவருக்குத் தரும் கட்டாய உரிமத்தை அது தடை செய்யவில்லை என்றாலும் இந்த வாசகம் கவலை தருகிறது. 2012இல் நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்ததால்தான் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்தின் மாதச் செலவு 2,80,428 ரூபாயிலிருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது.

இனி வாங்கும் முறை. எச் பட்டியல் மருந்துக்கு (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியது) சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால், கடைக்காரர் தானாக வேறு மாத்திரை மாற்றித் தரக் கூடாது என்பது விதி. அதனால் மருத்துவரிடமே மூலப்பெயரில் (பிராண்டு பெயர் அல்லாத, மருந்தின் சொந்தப் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள். தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில், அப்படி எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியும் இருக்கிறது. கிளம்புமுன் ஜன் ஔஷதி சுகம் செயலியில் அந்தப் பெயரைப் போட்டு விலையைப் பாருங்கள். கையிருப்பைக் கடைக்குப் போன் செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போவது நல்லது.

தவறு நடப்பது பெரும்பாலும் பெயரின் வாலில். எஸ்.ஆர். என்றால் மெதுவாகக் கரைவது. அதற்குப் பதில் சாதா மெட்ஃபார்மின் வாங்கினால் வயிற்றைப் புரட்டலாம். எஸ்.ஆர். மாத்திரையை நசுக்கி விழுங்கவும் கூடாது. டெல்மிசார்டான் பெயரோடு வரும் ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஏ.எம். என்றால் அம்லோடிபின், இரண்டும் வேறு வேறு. கிளிமிபிரைடு 1 மி.கி. இருந்த இடத்தில் 2 மி.கி. வந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வாங்குங்கள். தைராக்சின் (தைராய்டு), ஃபெனிடாயின் (வலிப்பு), வார்ஃபரின் (ரத்த உறைவு), டாக்ரோலிமஸ் (உறுப்பு மாற்று) நான்கையும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே வேண்டாம். அளவில் சிறு வித்தியாசம்கூட உடம்பில் தெரியும்.

காப்புரிமையில் உள்ள புது மருந்தை எழுதியிருந்தால், அதே வகையில் காப்புரிமைக் காலம் முடிந்த ஒன்று ஒத்துவருமா என்று கேட்கலாம். சர்க்கரை மருந்துகளில் கிளிப்டின் வகையில் வில்டாகிளிப்டின் 2019இலும், சிட்டாகிளிப்டின் 2022இலும் விடுபட்டன. கிளிஃப்ளோசின் வகையில் டாபாகிளிஃப்ளோசினும் விடுபட்டுவிட்டது. நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு சிட்டாகிளிப்டின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், லினாகிளிப்டினுக்கு அது தேவையில்லை. கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.