எம்.ஏ. வரலாறுக்குப் பின்: பி.எட்.டா, ஆய்வா?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு முடிக்கிறவர்களிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "பி.எட். எப்போ சேரப்போறே?" என்பதுதான். ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றால் சித்தப்பா, மாமா எல்லாரும் பாவமாகப் பார்ப்பார்கள்.

பணக் கணக்குப்படி அந்தப் பரிதாபம் அநாவசியம். பி.எட். இரண்டு வருடம், கைக்காசு. அப்புறம் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறி முதுநிலை ஆசிரியரானால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய், படிகள் தனி. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. ஆனால் பள்ளி வேலை ஓய்வு வரை; உதவித்தொகை ஐந்து வருடத்தோடு சரி. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு அடிப்படையே 57,700. அந்த வேலைக்கான அறிவிப்புக்குக் காத்திருந்து கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. டி.ஆர்.பி. மட்டும் வருடம் தவறாமல் வருகிறதா என்ன?

நீலகிரி வரலாற்று ஆய்வில் மலைக்காரர்களுக்கு ஒரு பிடி உண்டு. அதற்கான காகிதமோ மலைக்குக் கீழே, சென்னையில் கிடக்கிறது. ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்து அரசுக் கடிதங்களைப் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போகவேண்டும்: மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் சென்ட்ரல், அப்புறம் லாட்ஜ் வாடகை. கட்டைப் பிரித்தால் மை மங்கிய சாய்வெழுத்து ஆங்கிலம். ஊர்ப் பெயர்களைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அது எந்த ஹட்டி (படகர் ஊர்), எந்த மந்து (தோடர் குடியிருப்பு) என்று சென்னை ஆய்வாளர் முழிக்கிற இடத்தில் கோத்தகிரிப் பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். ஊருக்குத் திரும்பினால் பெரியவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். நல்ல நெறியாளரும் கிடைத்துவிட்டால் ஆய்வுதான் என் ஓட்டு.

தொல்லியல் பட்டயம் மூன்றாவது வழி. கிரேட்டர் நொய்டாவில் இரண்டு வருடம், உதவித்தொகையும் உண்டு, இடங்கள்தான் சொற்பம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கு மட்டும் என்றால் எம்.ஏ.வே வேண்டாம், ஒரு டிகிரி போதும்.

வீட்டில் ஒரே சம்பளம், கடன் வேறு இருக்கிறது என்றால் யோசிக்காமல் பி.எட். சேருங்கள். மற்றவர்கள் எம்.ஏ. இரண்டாம் வருடத்திலேயே நெட் எழுதிப் பார்க்கலாம். இறுதியாண்டு மாணவர்களுக்கும் அனுமதி உண்டு. ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 30, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 வருடத் தளர்வு. பி.எட்.டைப் பிறகும் படித்துக்கொள்ளலாம்.