தேசிய கீதமும் இரு விளையாட்டு அமைப்புகளும்

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்துவதால், தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்குமாறு தனியார் முதலாளிகள் வீரர்களிடம் பெரும்பாலும் கோர முடியும்.

என்.பி.ஏ. கூடைப்பந்து அமைப்பில் அவ்வாறு நிற்க வேண்டும் என்ற விதி நெடுநாளாக உள்ளது. 1996இல் நிற்க மறுத்த வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃபை இடைநீக்கம் செய்த அவ்வமைப்பு, 2020இல் வீரர்கள் இன அநீதிக்கு எதிராக மண்டியிட்டபோது அதே விதியைச் செயல்படுத்தவில்லை.

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்., அதன் வீரர் காலின் கேப்பர்னிக் 2016இல் கீதத்தின்போது நிற்க மறுத்துத் தொடங்கிய எதிர்ப்பு பரவிய பின்னரே, களத்திலிருப்போர் நிற்க வேண்டும், விரும்பாதோர் உடைமாற்றும் அறையில் தங்கலாம், மீறினால் அணிக்கு அபராதம் என்று 2018 மே மாதத்தில் அறிவித்தது. வீரர் சங்கத்தைக் கலந்து பேசாமல் கொண்டுவந்த அவ்விதி, சங்கம் முறையிட்டதும் ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

எனக்கு என்.பி.ஏ.யின் நிதானமே மேலாகப்படுகிறது. ஆயினும் அங்கும் வீரரின் மனச்சான்று நிர்வாகத்தின் தயவையே நம்பியிருப்பது வருத்தமளிக்கிறது.