தில்லியில் தகவல் தொடர்பும் தேசியப் பாதுகாப்பும்: முதுகலை படித்த அனுபவம்

முதலில் வேலை விஷயம், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பட்டத்தைக் காட்டினால் வெளிநாட்டு உளவு வேலை பார்க்கும் ரா அமைப்பில் கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார்கள். உள்நாட்டு உளவுத் துறையான ஐ.பி.யில் அதிகாரியாகச் சேர நடத்தும் ஏ.சி.ஐ.ஓ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். அதற்காகத் தில்லி வரை வந்து முதுகலை படிக்கத் தேவையில்லை. ஆர்.கே.புரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "ஏன்டா, எந்த டிபார்ட்மென்ட்னு வெளிய சொல்லக் கூடாதோ?" என்று மலை மந்திர் வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். நான் பார்ப்பது ஒரு தனியார் நிறுவனத்தில் செய்திகளை அலசி அறிக்கை எழுதும் வேலை. சம்பளம் சுமார்தான்.

முதல் செமஸ்டர் இழுவை. கோட்பாடுகள், வியட்நாம், வளைகுடாப் போர் என்று எல்லாம் அமெரிக்கச் சரக்கு. மும்பைத் தாக்குதலை எடுத்த பிறகுதான் வகுப்புக்கு உயிர் வந்தது. 2008 நவம்பரில் தாக்கியவர்களுக்கு, அவர்களை ஏவியவர்கள் டிவி நேரலையைப் பார்த்துக்கொண்டே எல்லைக்கு அப்பாலிருந்து போனில் உத்தரவு கொடுத்தார்கள். 2012-ல், தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தினார்கள்: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் காட்டலாம்.

சரி, அந்த அதிகாரி சொல்வதை யார் சரிபார்ப்பது? இதில் தொடங்கிய சண்டை கேன்டீன் வரை போகும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது எனக்கு அந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது. நேரலை வேண்டாம் என்று அரசு ஏப்ரலிலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆனால் சில சேனல்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடியே கராச்சித் துறைமுகத்தை அழித்துவிட்டன! விதி கேமராவைத்தான் தடுக்கிறது, வாயை அல்ல. நடந்ததைக் காட்டத் தடை இருக்கிறது, நடக்காததைச் சொல்வதற்கு அந்த விதியில் ஒன்றுமில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தப் படிப்பில் கிடைத்ததுதான், தினமும் வேலையில் உதவுகிறது.

இன்னொன்று, அரசு ஆவணங்களைப் படிக்கும் பயிற்சி. கார்கில் ஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்ரமண்யம், நம்ம திருச்சியில் பிறந்தவர். குழுவில் பி.ஜி. வர்கீஸ் என்ற பத்திரிகையாளரும் இருந்தார். 1999 போர் பற்றிய அறிக்கை 2000 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. பாதுகாப்பு காரணமாகச் சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். எது விடுபட்டிருக்கிறது, ஏன் விடுபட்டிருக்கும் என்று ஊகிக்கச் சொல்லி ஒரு பேராசிரியர் எங்களைப் படுத்தி எடுத்தார். அந்த அறிக்கையாவது படிக்கக் கிடைத்தது. 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவே இல்லை. ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது இந்த வித்தியாசம் உயிரை வாங்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பேச்சு. இந்தி தெரியாவிட்டால் டிவி அலசல் அசைன்மென்டில் திண்டாட்டம்தான், நண்பர்கள் தயவில் ஓட்ட வேண்டும். ஆனால் இலங்கை என்று வந்தால் நம் கை ஓங்கும். 1990 மார்ச்சில், இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்த இந்திய அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. வகுப்பில் அது மரியாதைக் குறைவு என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. அப்போது தமிழ்நாட்டில் அந்தப் படையைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல வகுப்பில் வேறு ஆள் இல்லை. என் ஆய்வேட்டுக்குத் தலைப்பு அங்கேதான் கிடைத்தது. "தமிழ்ப் பத்திரிகையெல்லாம் ஆதாரமா?" என்று துறையில் முகம் சுளித்தவர்களும் உண்டு, அது வேறு கதை.

சேருவதாக இருந்தால் பாடத்திட்டத்தில் ஆய்வேடு கட்டாயமா என்று பாருங்கள். விருப்பப் பாடமாக வைத்திருந்தால் நான் சேர மாட்டேன். ஓய்வு பெற்ற அதிகாரிகளின் சிறப்புரைதான் பாதிப் பாடம் என்றால், அதே ஆட்கள் தில்லியில் வாரம் ஒரு கருத்தரங்கில் இலவசமாகவே பேசுகிறார்கள். டீயும் சமோசாவும் வேறு உண்டு.