புல் வெட்டும் மெஷினின் டெக்கை ரிப்பேருக்குக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்

சிங்கப்பூரில் செம்பவாங்கில் எங்களுடையது மூலைத் தரைவீடு. பக்கவாட்டில் இருக்கும் புல்தரைக்காக ஏழு வருடமாக ஒரு பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிறேன், 53 சென்டிமீட்டர் பிளேடு, அதை மூடியிருக்கும் இரும்புத் தகட்டுக் கூடுதான் டெக். போன டிசம்பர் மழையில் ஈரத்தரையில் தள்ளிக்கொண்டு போகும்போது பின்சக்கரம் வழுக்கி வடிகால் விளிம்பில் இடித்தது. டெக் நசுங்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. புல் வெளியே தள்ளும் பக்கம் ஏற்கெனவே துருப்பிடித்து ஓட்டையும் இருந்தது. இந்த ஊர் ஈரத்தில், அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டாமல் விட்டால் அப்படித்தான் ஆகும், அது என் தவறு.

ஆனால் அடுத்து நடந்தது என் தவறு இல்லை.

ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தமிழர்தான், நன்றாகப் பேசினார். "துருப்பிடிச்ச இடத்தை அறுத்து எடுத்துட்டு புதுத் தகடு வெல்டிங் வச்சுத் தர்றேன் அண்ணே, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்றார். 220 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு வாரத்தில் பளபளவென்று சிவப்பாகத் திரும்பி வந்தது, நானும் சந்தோஷமாகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். ரசீதில் "டெக் ரிப்பேர்" என்று இரண்டே சொல்தான். வெல்டிங், புதுத் தகடு எதையும் எழுதவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது முறை வெட்டும்போது மெஷின் கிடுகிடுவென ஆடியது, கையை எடுப்பதற்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து பறந்து மருதாணித் தொட்டியை உடைத்தது. அந்தத் தொட்டிக்கு இரண்டடி தள்ளித்தான் அம்மா நாற்காலி போட்டு உட்காருவார். தேநீர் போட உள்ளே போயிருந்தார், அவ்வளவுதான். இந்த அளவு பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. டெக் என்பது அழகுக்கு மாட்டிய மூடி இல்லை, அந்த பிளேடுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் ஒரே சுவர் அதுதான்.

மறுநாள் நானே பிரித்துப் பார்த்தேன். முதலில் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றித் தள்ளி வைத்தேன், இதைச் செய்யாமல் யாரும் அடியில் கை வைக்காதீர்கள், பிளேடைக் கையால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் ஒரு தடவை பிடித்துவிடலாம். பெட்ரோலை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாய்த்தேன், இல்லையென்றால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து டெக் முழுக்க நகர்த்தினேன். நல்ல இடத்தில் சட்டென்று ஒட்டியது. 'புதுத் தகடு வைத்த' இடத்தில் வழுக்கி விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதற்குக் கீழே ஃபைபர் துணி, அதற்கும் கீழே பழைய துரு அப்படியே செதில் செதிலாக. ஒரு இடத்தில்கூட வெல்டிங் இல்லை. சக்கரத்துப் பக்க விரிசல் பெயின்டுக்குள்ளேயே எஞ்சின் பக்கமாக இன்னும் நான்கு சென்டிமீட்டர் ஓடியிருந்தது. கார் கதவில் பட்டி போடலாம், ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் டெக்கில் அது எத்தனை நாள் நிற்கும்?

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "கல்லுல மோதியிருப்பீங்க" என்றார். போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை.

சரி, இப்போது மெஷின் எப்படி இருக்கிறது என்றால், நானே செய்தேன். பட்டியை எல்லாம் பெயர்த்து, கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டேன், அப்போதுதான் அது மேலே ஓடாது. ஓட்டைக்கும் விரிசலுக்கும் 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டி வெளிப்பக்கம் வைத்து, தட்டையான தலை உள்ளே, லாக் நட் வெளியே வரும்படி போல்ட் போட்டு இறுக்கினேன். உள்ளே எதுவும் துருத்தினால் பிளேடு அதில் மோதும், அதனால் பிளேடைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிரைமர் அடித்தேன். பிளேடு போல்ட்டையும் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என் அதிர்ஷ்டம், எஞ்சின் உட்காரும் இடம் உறுதியாக இருந்தது. அங்கே விரிசலோ துருவோ இருந்தால் ஒட்டுப் போடும் வேலையே வேண்டாம், டெக்கையே மாற்றுங்கள், யார் எவ்வளவு உறுதி சொன்னாலும் சரி.

கடைக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பெயின்ட் அடிக்கும் முன் கூப்பிடச் சொல்லிப் போய்ப் பாருங்கள், அடிப்பக்கம் வெல்டிங் வரி தெரிய வேண்டும். ரசீதில் என்ன வேலை என்று முழுதாக எழுதி வாங்குங்கள். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் மனுக் கொடுத்திருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நாமே போய்ப் பேச வேண்டும். பிய்ந்து பறந்த அந்தப் பட்டித் துண்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், போகிற அன்று அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.